ஏட்டில் சிக்கிய நல்லோர்: கத்தாரியர் அழிக்கப்பட்ட விதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன கிளைச்செய்திகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன். வாதத்தின் வரிசை பேசியபடியே இருக்கிறது.)



தென் பிரான்சில் லாங்கதோக் என்றொரு நிலப்பகுதி உண்டு. துலூஸ், கார்கசோன், அல்பி, பெசியே ஆகிய நகரங்களும் பிரனீஸ் மலையடிவாரத்து ஊர்களும் அதில் அடங்கும். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 14ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதி வரை அங்கே ஒரு கிறித்தவப் பிரிவினர் வாழ்ந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அவர்களைப் பதிதர் என்றது. வரலாற்று நூல்கள் கத்தாரியர் என்றும், அல்பி நகரை வைத்து அல்பிஜென்சியர் என்றும் எழுதுகின்றன. ஊர்மக்களோ அவர்களை நல்ல ஆண்கள், நல்ல பெண்கள் என்றே அழைத்தார்கள். இந்த உரையில் நானும் நல்லோர் என்றே சொல்லப் போகிறேன்.

இவர்கள் எப்படி இல்லாமல் போனார்கள் என்று கேட்டால், சிலுவைப்போரால் என்ற விடையே வழக்கமாகக் கிடைக்கும். பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் படை அனுப்பினார், நகரங்கள் எரிந்தன, பதிதர் மாண்டார்கள் என்று பாடநூல் இரண்டு பத்திகளில் முடித்துவிடும். என் கருத்து வேறு. இருபதாண்டுப் போர் அந்த நாட்டின் ஆட்சியாளர்களை மாற்றியது. நல்லோரை அது ஒழிக்கவில்லை. போருக்குப் பின் வந்த விசாரணைதான் அவர்களை ஒழித்தது. கேள்வி கேட்பது, பதிலை எழுதுவது, எழுதியதைப் பாதுகாப்பது, பல ஆண்டு கழித்து எடுத்து ஒப்பிடுவது என்ற அலுவலக முறை, ஒரு சமூகத்தில் மனிதரை மனிதரோடு பிணைத்திருந்த இழைகளை ஒவ்வொன்றாக அறுத்தது. இதை ஏழு கூறுகளாக உங்கள்முன் வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கப் போவதில்லை.

1.

முதலில், யார் இந்த நல்லோர்? கண்ணுக்குத் தெரியும் உலகத்தை நல்ல கடவுள் படைத்திருக்க முடியாது என்று அவர்கள் கருதினார்கள். நோயும் சாவும் அழுகலும் கொண்ட பருப்பொருள் முழுவதும் தீய சக்தியின் ஆக்கம். வானுலகத்து ஆன்மா உடலுக்குள் விழுந்து, ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. மீள்வதற்கு வழி கொன்சொலமெந்தும் என்ற சடங்கு. தண்ணீர் இல்லாத ஞானஸ்நானம் அது. நற்செய்தி ஏட்டைத் தலைமேல் பிடித்து, ஏற்கெனவே அந்தச் சடங்கைப் பெற்றவர்கள் கைவைத்து வேண்டுவார்கள். பெற்றபின் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடக்கூடாது, மீன் உண்ணலாம். உடலுறவு கூடாது. உயிர்க்கொலை கூடாது. பொய் கூடாது, சத்தியம் செய்வதும் கூடாது. பெண்களும் இந்த நிலையை அடையலாம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபான்ஜோ, லோராக் போன்ற ஊர்களில் நல்ல பெண்கள் தெருவோடு தெருவாக வீடு வைத்து, நூல் நூற்று, சிறுமிகளை வளர்த்து வாழ்ந்தார்கள்.

இப்படிக் கடுநெறியில் நின்றவர்கள் சிலரே. மற்றவர்கள் மணம் செய்து, ஆடு வளர்த்து, கோயிலுக்கும் போய், சாகும் நேரத்தில் அந்தச் சடங்கு கிடைத்தால் போதும் என்று இருந்தார்கள். நல்லோர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் மும்முறை மண்டியிட்டு வணங்கி ஆசி கேட்பார்கள். உணவுக்குமுன் அவர் பரலோக மந்திரம் சொல்லிப் பிட்டுத்தரும் அப்பத்தை வாங்கி உண்பார்கள். கொஞ்சம் மாவு, ஒரு மீன், ஒரு குடம் திராட்சை மது கொடுப்பார்கள். இருட்டிய பின் அடுத்த ஊருக்கு வழிகாட்டிப் போவார்கள். வணங்கியது, உண்டது, கொடுத்தது, வழிகாட்டியது என்ற இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் குற்றப்பத்திரிகைகளும் இவற்றால் ஆனவை.

2.

1208 ஜனவரி 14 அன்று பாப்பரசரின் தூதர் பியேர் தெ காஸ்தெல்னோ, சேன்ட் ழில் அருகே கொலையுண்டார். துலூஸ் கோமகன் ஆறாம் ரேமோன் மீது பழி விழுந்தது. மறு ஆண்டு வடக்கிலிருந்து படை இறங்கியது. கிறித்தவ நாட்டின்மீதே சிலுவைப்போர் அறிவிக்கப்பட்டிருந்தது.

1209 ஜூலை 22, பெசியே. முற்றுகையிட்ட படை, நகரத்துப் பதிதரை ஒப்படைக்கும்படி கேட்டது. ஆயர் ஒரு பட்டியல் கொண்டுவந்திருந்தார். இருநூற்றிருபதுக்கு மேற்பட்ட பெயர்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் தொழிலும் உண்டு. அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. நகரத்துக் கத்தோலிக்கர் அந்த அண்டை வீட்டாரைக் கொடுக்க மறுத்தார்கள். அன்று நடந்த படுகொலை உலகறிந்தது. எல்லாரையும் கொல்லுங்கள், தம்மவரைக் கடவுள் அறிவார் என்ற பொருளில் பாப்பரசரின் தூதரும் சித்தோ மடாதிபதியுமான அர்னோ அமல்ரிக் கட்டளையிட்டதாக, பல ஆண்டுக்குப் பின் ஒரு ஜெர்மானியத் துறவி எழுதிவைத்தார். அவர் சொன்னாரோ இல்லையோ, வயதும் தகுதியும் பாராமல் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் மாண்டதாக அமல்ரிக்கே பாப்பரசருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். மனம் தெளிவாகத் தெரிகிறது.

படுகொலையைவிட அந்தப் பட்டியல் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. பெயர்கள் கையில் இருந்தும் 1209இல் அவற்றால் பயன் விளையவில்லை. பட்டியலில் இருந்தவரும் இல்லாதவரும் ஒன்றாக எரிந்தார்கள். ஊர் தன் ஆட்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. முப்பத்தாறு ஆண்டு கழித்து அதே நாட்டு மக்கள் வரிசையில் நின்று பெயர்களைச் சொன்னார்கள். இடையில் நடந்தது என்ன என்பதே இன்றைய உரையின் கேள்வி.

மற்றப் போர்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1210இல் மினர்வ் கோட்டையில் நூற்று நாற்பது பேர் அளவில் எரிக்கப்பட்டார்கள். 1211இல் லாவோரில் முந்நூறு நானூறு பேர். 1213இல் மியூரே போர்க்களத்தில் அரகோன் மன்னர் இரண்டாம் பேதுரு மடிந்தார். படைத்தலைவர் சீமோன் தெ மோன்ஃபோர் 1218 ஜூன் 25 அன்று துலூஸ் மதிலிலிருந்து வந்த கல்லால் தலை நசுங்கி இறந்தார். 1229இல் துலூஸ் கோமகன் ஏழாம் ரேமோன் பாரிஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, தம் ஒரே மகளைப் பிரெஞ்சு அரசரின் தம்பிக்கு மணமுடிக்க இசைந்தார். நாடு பாரிஸின் கைக்குப் போகும் வழி திறந்தது.

ஆனால் போர் தொடங்கிப் பதினேழு ஆண்டு ஆன பிறகு, 1226இல் பியூஸ் என்ற ஊரில் நல்லோர் கூடி, ராசெஸ் வட்டாரத்துக்குப் புதிய ஆயர் ஒருவரை நியமித்துக்கொண்டார்கள். அழிந்துகொண்டிருந்த ஒரு கூட்டம் புதிய ஆயர் பதவியை உருவாக்காது. போர் தோற்றது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவையில்லை.

3.

1229 நவம்பரில் துலூசில் கூடிய திருச்சபை மன்றம் வேறு வழியில் இறங்கியது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆணும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெண்ணும் பதிதரைப் பிடித்துத் தருவதாக ஈராண்டுக்கு ஒருமுறை சத்தியம் செய்ய வேண்டும். சத்தியமே செய்யமாட்டோம் என்ற நெறி கொண்டவர்களைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய பொறி இல்லை. பதிதர் தங்கியிருந்த வீடு இடிக்கப்படும். திருப்பாடல் ஏடு, கட்டளைச் செப நூல், மரியாளின் மணிச்செபம் இவை தவிர வேதாகம நூல் எதையும் பொதுமக்கள் வைத்திருக்கக்கூடாது.

1233இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி, பதிதரை விசாரிக்கும் பணியைத் தொமினிக்கன் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்தார். முதல் ஆண்டுகளில் அவர்கள் நடந்துகொண்ட முறை முரட்டுத்தனமானது. 1234 ஆகஸ்டில், புனித தொமினிக்கின் திருநாளன்று, துலூசில் சாகக் கிடந்த மூதாட்டி ஒருவரின் வீட்டுக்குள் கத்தோலிக்க ஆயர் போனார். நல்லோரின் ஆயர்தான் வந்திருக்கிறார் என்று நம்பி அந்த அம்மையார் மனத்தைத் திறந்து பேசினார். படுத்த கட்டிலோடு தூக்கிப்போய் எரித்தார்கள். இதை நமக்குச் சொல்பவர் எதிரி அல்லர். அந்தச் சபையின் துறவி கியோம் பெலிசோன், இறைவனுக்கு நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார். நகரம் பொங்கியது. 1235 நவம்பரில் துலூஸ் நகர மன்றத்தார் தொமினிக்கன் துறவிகளை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள்.

1242 மே மாத இறுதியில் அவின்யோனே என்ற ஊரில் தங்கியிருந்த விசாரணையாளர்கள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் துணைவரையும், நல்லோர் புகலடைந்திருந்த மோன்செகூர் கோட்டையிலிருந்து வந்தவர்கள் வெட்டிக் கொன்றார்கள். பதிவேடுகளையும் கைப்பற்றினார்கள். எதைக் கண்டு அஞ்சவேண்டும் என்று அப்போதே மக்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பதிலடியாக மோன்செகூர் பத்து மாதம் முற்றுகையில் கிடந்தது. 1244 மார்ச்சில் சரணடையும் முன் இரண்டு வாரத் தவணை கிடைத்தது. அந்த நாட்களில் போர்வீரரும் பெண்களுமாக இருபது பேர் அளவில் புதிதாகக் கொன்சொலமெந்தும் பெற்றார்கள். பெறாமல் இருந்திருந்தால் உயிரோடு இறங்கிப் போயிருக்கலாம். பெற்றால் நெருப்பு. தெரிந்தே பெற்றார்கள். மார்ச் 16 அன்று இருநூறு பேருக்கு மேல் எரிக்கப்பட்டார்கள். கோட்டைத் தலைவர் ரேமோன் தெ பெரேய் தம் மனைவி கோர்பாவையும் மகள் எஸ்க்ளார்மோந்தையும் அந்தத் தீயில் இழந்தார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தைக் கடந்துபோக எனக்குச் சற்று நேரம் ஆகிறது. ஆனால் வரலாற்று மாணவர்கள் அதற்கு அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். உயிர்பிழைத்த ரேமோனை விசாரணையாளர் ஃபெரெர் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். யார் யார் கோட்டைக்கு வந்தார்கள், யாரை வணங்கினார்கள் என்று ரேமோன் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். அந்த வாக்குமூலம் நம்மிடம் இருக்கிறது.

4.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். 1245 மே முதல் 1246 ஆகஸ்ட் வரை, பெர்னார் தெ கோ, ழான் தெ சேன் பியேர் என்ற இரு விசாரணையாளர்கள் துலூஸ் சேன் செர்னன் கோயில் மடத்தின் முற்றத்தில் அமர்ந்தார்கள். முன்போல அவர்கள் ஊர் ஊராகப் போகவில்லை. ஊர்களை வரவழைத்தார்கள். 201 நாட்களில் 5,471 பேர் வந்து நின்றார்கள். மாஸ்-சேன்ட்-புயெல் என்ற ஒரே ஊரிலிருந்து நானூறு பேருக்கு மேல். அந்த விசாரணைப் பதிவேட்டுக்கு 1260ஐ ஒட்டி எடுக்கப்பட்ட காகிதப் படி, துலூஸ் நகர நூலகத்தில் 609 என்ற எண்ணில் இருக்கிறது. அதுவும் முழுமை இல்லை. மூலத்தின் பத்து ஏடுகளில் இரண்டு மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றே. பதிதரைப் பார்த்தாயா? எங்கே, எப்போது? உடன் இருந்தவர்கள் யார்? வணங்கினாயா? அவர்கள் ஆசி கூறிய அப்பத்தை உண்டாயா? எதையாவது கொடுத்தாயா? வழிகாட்டிப் போனாயா? அவர்களை நம்பினாயா? முன்பு வேறு விசாரணையாளரிடம் இதைச் சொல்லியிருக்கிறாயா? பெரும்பாலான பதில்கள் நாலைந்து வரிகளில் முடிந்துவிடுகின்றன. உலகத்தைப் படைத்தது யார், ஆன்மா எங்கே போகிறது என்பவற்றுக்கு இந்த வரிசையில் சிறிய இடம்தான். கைகளும் கால்களும் முழங்கால்களும் செய்தவற்றைப் பற்றியே கேள்வி.

இந்த அமைப்பின் கூர்மை, உடன் இருந்தவர்கள் யார் என்ற ஒரு கேள்வியில் இருக்கிறது. ஒருவர் தம் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டு எழுந்துபோக முடியாது. முப்பது ஆண்டுக்கு முன் சிறுவனாக இருந்தபோது பாட்டி வீட்டில் நல்லோர் ஒருவரைப் பார்த்தேன் என்றால், அந்த வீட்டில் இருந்த பாட்டி, மாமன், பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் ஏட்டில் ஏறிவிடுவார்கள். அடுத்த நாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வந்து நிற்பார். தம்மைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரியாது. சாட்சிகளின் பெயரை வெளியிடக்கூடாது என்பது விதி. அவர் மறைத்தால், மறைத்தது தெரிந்துவிடும். கருணைக் காலம் என்று ஒரு தவணை அறிவிப்பார்கள். அதற்குள் தாமாக வந்து முழுவதும் சொன்னவருக்குச் சிறை இல்லை. முழுவதும் என்றால், எல்லார் பெயரும். பக்கத்து வீட்டார் நேற்றே போய்ச் சொல்லிவிட்டாரோ என்ற ஐயம் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தது. தறியில் ஓர் இழை அறுந்தால் தொட்டுத் தொட்டு அடுத்த இழைகளும் பிரிவதைப்போல, அந்த ஊர்களின் நம்பகம் பிரிந்தது.

நாம் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. மண்டியிட்டு வணங்குவது அந்த நாட்டில் பெரியோருக்குக் காட்டும் மரியாதையாகவும் இருந்தது. அப்பம் பகிர்வது விருந்தோம்பல். இரவில் வழிகாட்டுவது அண்டை அயலாரின் கடமை. இவற்றை வழிபாடு என்றும் உடந்தை என்றும் ஏடு வகைப்படுத்திய பிறகு, செய்தவர்களே தம் செயலை அந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். மரியாதைக்காகத்தான் குனிந்தேன் என்று சிலர் சொல்லிப்பார்த்தார்கள். ஏட்டில் அதற்குத் தனிப் பத்தி இல்லை.

5.

இவ்வளவு பெரிய விசாரணையின் முடிவில் எத்தனை பேரை எரித்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள்? 1246 மார்ச் முதல் ஜூலை வரை வழங்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் தீர்ப்புகளில் 207 பேர் வருகிறார்கள். 23 பேருக்குச் சிறை. 184 பேருக்கு மஞ்சள் சிலுவை. அந்தத் தொகுதியில் நெருப்பு இல்லை.

விசாரணையாளர்கள் மென்மையானவர்கள் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கை எடுத்துக்காட்டுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று என மஞ்சள் துணியில் வெட்டிய சிலுவைகளை மேலாடையில் தைத்துக்கொண்டு, வயலிலும் சந்தையிலும் பல ஆண்டுகள் நடமாட வேண்டும். அவர்களை யார் கூலிக்கு எடுப்பார்கள்? அவர்கள் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? சிலுவை அணிந்தவரை யாரும் இழிவுபடுத்தக்கூடாது என்று திருச்சபை மன்றங்களே ஆணை போடவேண்டி வந்தது என்றால், தெருவில் நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம். எரிந்தவர் சிலருக்கு ஒளியாக நின்றிருப்பார். மஞ்சள் சிலுவை அணிந்தவரைக் கண்டு விலகி நடந்தார்கள்.

அதோடு முடியவில்லை. ஒருமுறை தப்பறையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்து மன்னிப்புப் பெற்றவர் மறுபடி நல்லோரோடு காணப்பட்டால் அவருக்கு மீட்சி இல்லை, நெருப்புதான். இருபது ஆண்டுக்கு முன் யார் எந்த மடத்தில் என்ன சத்தியம் செய்தார் என்பதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? ஏடு வைத்திருந்தது. ஊரார் மறந்துபோன சத்தியத்தை எழுத்தர் எடுத்துப் படித்தார். இறந்தவரும் தப்பவில்லை. சாகும்போது சடங்கு பெற்றார் என்று ஏடு சொன்னால் எலும்பைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்; சொத்து வாரிசுகளிடமிருந்து பறிக்கப்பட்டது. பதிதம் என்பது அரச துரோகத்துக்கு நிகர் என்று 1199இலேயே மூன்றாம் இன்னசென்ட் ஆணையிட்டிருந்தார். பாட்டனின் படுக்கையருகே நடந்த ஒரு சடங்குக்குப் பேரனின் நிலம் போயிற்று. நல்லோரை வீட்டுக்குள் விடுவது தன் உயிரைப் பணயம் வைப்பது மட்டுமாக இருந்த வரை துணிந்தவர்கள் இருந்தார்கள். பிறக்காத பிள்ளைகளின் சோற்றையும் பணயம் வைப்பதாக ஆனபோது கதவுகள் மூடின.

6.

மக்கள் இந்த ஏடுகளைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அவின்யோனே ஒரு சான்று. 1280களில் கார்கசோன் நகரத்தார் சிலர், எழுத்தர் ஒருவருக்குக் கையூட்டுக் கொடுத்து விசாரணைப் பதிவேடுகளைத் திருட முயன்றதாக வழக்கு எழுந்தது. அதற்குப் பின் பெர்னார் தெலிசியூ என்ற பிரான்சிஸ்கன் துறவி வந்தார். பதிவேடுகளில் பொய்ப் பெயர்கள் கலந்திருக்கின்றன, இந்த முறையில் விசாரித்தால் அப்போஸ்தலர்களான பேதுருவும் பவுலும்கூடத் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்று அவர் நாலாம் பிலிப் மன்னர் முன்னிலையிலேயே வாதாடினார். 1303இல் கார்கசோன் மக்கள் எழுச்சியோடு கைதிகள் விசாரணையாளர் சிறையிலிருந்து மாற்றப்பட்டார்கள். கத்தோலிக்கத் துறவி ஒருவர் இதைச் செய்தார் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துன்புறுத்தலை எதிர்க்க நல்லோராக இருக்கவேண்டியதில்லை என்று அவர் காட்டினார். 1319இல் அவருக்கு ஆயுள் சிறை விதித்தார்கள், விரைவிலேயே இறந்தார். தீர்ப்பு வழங்கியவர்களில் ஒருவர் பாமியே ஆயர் ழாக் ஃபூர்னியே. இந்தப் பெயர் மீண்டும் வரும்.

நல்லோரின் கடைசி எழுச்சியை நடத்தியவரும் எழுத்துத் தொழில் செய்தவர்தான். அக்ஸ் ஊரைச் சேர்ந்த பியேர் ஓத்தியே ஒரு நோட்டரி. ஃபுவா கோமகனுக்குப் பத்திரம் எழுதியவர். நடுவயதில் தம்பி கியோமோடு லொம்பார்தியாவுக்குப் போய், அங்கே தப்பியிருந்த நல்லோரிடம் கொன்சொலமெந்தும் பெற்று, 1299இல் திரும்பினார். பத்தாண்டு இரவுகளில் நடந்து மலையூர்களில் நெருப்பை மீண்டும் மூட்டினார். 1310 ஏப்ரலில் துலூசில் அவரை எரித்தார்கள். தீர்ப்பு விசாரணையாளர் பெர்னார் கீயினுடையது. உம்பர்த்தோ எக்கோவின் நாவல் வழியாக உங்களில் பலர் அறிந்த அதே கீ. நாவலில் வரும் கொடியவரைவிட ஏட்டில் தெரியும் கீ அமைதியானவர், நேர்த்தியானவர், சோர்வறியாதவர், அதனாலேயே அஞ்சத்தக்கவர். 1308 முதல் 1323 வரையிலான அவருடைய தீர்ப்பு ஏட்டில் அறுநூறு பேருக்கு மேல் வருகிறார்கள். உயிரோடு எரிக்கப்பட்டவர்கள் நாற்பது பேர் அளவில். மற்றவர்களுக்குச் சிறை, சிலுவை, யாத்திரை.

7.

கடைசியாக, வரலாற்றாசிரியர்களாகிய நம் நிலை. கத்தாரியத் திருச்சபை என்ற ஒன்று இருந்ததே இல்லை, விசாரணையாளர்களும் இறையியலாளர்களும் தங்கள் அச்சத்தால் அதைக் கட்டியெழுப்பினார்கள் என்று ஆர். ஐ. மூர், மார்க் பெக் போன்றோர் வலுவாக எழுதியிருக்கிறார்கள். பீட்டர் பில்லர் போன்றோர் மறுக்கிறார்கள். மூர் பக்கத்திலிருந்து நான் நிறையக் கற்றிருக்கிறேன்; மேலே மரியாதையையும் வழிபாட்டையும் பற்றிச் சொன்னது பெக்கின் ஆய்வுக்குக் கடன்பட்டது. ஆனாலும் முழுவதும் உடன்பட முடியவில்லை. லியோனில் உள்ள ஆக்சித்தான் மொழிச் சடங்கு நூலும், ஃப்ளாரன்சில் உள்ள இலத்தீன் சடங்கு நூலும், இரு முதல்கள் பற்றிய நூலும் விசாரணையாளர் எழுதியவை அல்ல. அவை நல்லோரின் கையால் வந்தவை. மோன்செகூரில் கடைசி வாரத்தில் சடங்கு பெற்று நெருப்புக்கு இறங்கியவர்கள் வேறொருவரின் கற்பனைக்காக இறங்கவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சாதாரண நம்பிக்கையாளர் எப்படி வாழ்ந்தார் என்று அறிய நமக்கு விசாரணை ஏடுகளைவிட்டால் வேறு வாயில் இல்லை. அவற்றில் மிக விரிவானது ழாக் ஃபூர்னியேயின் ஏடு. 1318 முதல் 1325 வரை பாமியேயில் அவர் நடத்திய விசாரணை. இப்போது வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அவரே 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் பாப்பரசர் ஆனார். சித்திரவதையைவிடப் பொறுமையான கேள்விகளையே அவர் நம்பினார். மக்கள் பேசினார்கள், பேன் பார்த்தது, சீஸ் செய்தது, காதலித்தது எல்லாம் ஏட்டில் ஏறின. 1975இல் லெ ரோய் லாதூரி எழுதிய மொந்தாயு என்ற நூல் முழுவதும் அந்த ஏட்டின்மேல் நிற்கிறது.

அந்த ஏட்டில் அர்னோ சிக்ர் என்பவரின் நீண்ட வாக்குமூலம் இருக்கிறது. அவருடைய தாய் சிபில் நல்லோரை நம்பி எரிக்கப்பட்டவர். அக்ஸில் இருந்த தாயின் வீடு பறிமுதலாயிற்று. அதை மீட்க ஒரே வழி, ஒரு நல்லவரைப் பிடித்துக்கொடுப்பது. சிக்ர் பிரனீஸைத் தாண்டிப் போய், சான் மத்தேயு ஊரில் செருப்புத் தைத்துக்கொண்டு, மொந்தாயு என்ற ஊரிலிருந்து தப்பிவந்து அங்கே வாழ்ந்த குடும்பங்களோடு பழகினார். அவர்களுக்குச் சடங்கு செய்ய எஞ்சியிருந்தவர் கியோம் பெலிபாஸ்த். திரும்பிவந்து ஃபூர்னியேயிடம் சொன்னபோது, நம்பிக்கையாளரைப்போல நடிக்க அனுமதியும் செலவுக்குப் பணமும் கிடைத்தன. பணக்கார அத்தை ஒருவர் இருக்கிறார், மணவயதில் தங்கை இருக்கிறாள் என்று ஆசைகாட்டி, 1321இல் பெலிபாஸ்த்தை ஃபுவா கோமகனின் எல்லைக்குள் இருந்த திர்வியா வரை அழைத்துவந்தார். அங்கே பிடித்தார்கள். அதே ஆண்டு வில்ரூஜ்-தெர்மெனெஸில் எரித்தார்கள். லாங்கதோக்கில் நாம் பெயரறிந்த கடைசி நல்லவர் அவர். சிக்ரின் செயல் குற்றமன்று, தொண்டு என்று விசாரணையாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

பெலிபாஸ்த் சீப்பு செய்து பிழைத்ததும், மேசையில் அமர்ந்து சொன்ன கதைகளும், அவருடைய தவறுகளும் நமக்குப் பெரும்பகுதி சிக்ரின் வாயிலிருந்துதான் கிடைக்கின்றன. ஆனால் அதே ஏட்டில் இன்னொருவரும் பேசுகிறார். மொந்தாயுவைச் சேர்ந்த ஆட்டிடையர் பியேர் மோரி. பெலிபாஸ்த்தின் நெடுநாள் நண்பர். அவருடைய குறைகளை சிக்ரைவிட நன்றாக அறிந்தவர். நல்லோர் நெறிப்படி ஒரு பெண்ணோடு வாழக்கூடாத பெலிபாஸ்த், ரேமோந்த் என்ற பெண்ணோடு வாழ்ந்ததை மறைக்க மோரியையே ஏமாற்றிப் பயன்படுத்தினார். அதை மோரி சொல்கிறார். சொல்லிவிட்டுத் தாம் ஏன் அவரை விட்டுப் போகவில்லை என்பதையும், யார் யார் வீட்டில் உண்டார்கள், யாருக்குக் கம்பளி கொடுத்தார்கள் என்பதையும் சொல்கிறார். அவர் வாக்குமூலத்தில் நான்காம் கூறில் நான் சொன்ன கேள்வி வரிசை அப்படியே இருக்கிறது. ஆனால் பதில்கள் அந்த வரிசைக்குள் அடங்காமல் ஆடுகளோடும் மேய்ச்சல் மலைகளோடும் நட்புகளோடும் நீண்டுகொண்டே போகின்றன. 1324 ஆகஸ்டில் அவருக்குச் சிறை விதித்தார்கள். அதன்பின் ஏட்டில் அவர் இல்லை. பெலிபாஸ்த்தைப் பற்றி ஆய்வுசெய்ய வரும் மாணவர்களை, முதலில் மோரியின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அதன்பின் சிக்ரிடம் போங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.